தாள ஒத்திசைவுத் தொகுப்பு

தாள ஒத்திசைவுத் தொகுப்பு என்பது நிகழ்படம் ஒன்றில் காட்சி மாறும் இடங்களையும், காட்சிக்குள் நிகழும் முதன்மையான அசைவுகளையும் பின்னணி இசையின் தாள அடிகளோடு பொருந்துமாறு அமைக்கும் தொகுப்பு முறை ஆகும். திரைப்படப் பாடல்கள், விளம்பரங்கள், முன்னோட்டங்கள் ஆகியவற்றில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்த இம்முறை, தனிநபர் கணினியில் நிகழ்படம் தொகுக்கும் வசதி பரவிய பின் வீட்டு நிகழ்படங்களிலும் இடம்பெறலாயிற்று. பிறந்தநாள், திருமணம், சுற்றுலா, பள்ளி ஆண்டுவிழா போன்றவற்றின் பதிவுகளைச் சுருக்கி ஒரு பாடலின் அளவுக்குள் அடக்கும்போது இம்முறை பெரிதும் கையாளப்படுகிறது.

இசைக்கும் படத்துக்கும் உள்ள தொடர்பு இரு திசைகளில் அமையக்கூடும். முடிந்த படத்துக்கு ஏற்ப இசையமைப்பது ஒரு வழி; முடிந்த இசைக்கு ஏற்பப் படத்தை வெட்டுவது மற்றொரு வழி. வீட்டுத் தொகுப்பாளர் பெரும்பாலும் முன்பே பதிவான பாடலைப் பயன்படுத்துவதால் இரண்டாம் வழியே அவருக்கு உரியதாகிறது. இசையை மாற்ற இயலாது. படத்தின் நீளத்தை மட்டுமே கூட்டவோ குறைக்கவோ இயலும்.

வரலாறு

படத்தையும் தாளத்தையும் கணக்கிட்டுப் பொருத்தும் முறை பேசும்படக் காலத்தின் தொடக்கத்திலேயே தோன்றியது. 1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் வெளியிடப்பட்ட வால்ட் டிஸ்னியின் 'ஸ்டீம்போட் வில்லி' என்னும் அசைவூட்டப் படம் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டாகும். அப்படத்திற்காக வில்பிரட் ஜாக்சன் தாளமானியைக் கொண்டு இசையின் வேகத்தைக் கணித்தார். நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் படச்சுருளில் ஓர் அடிக்கு எத்தனை சட்டகங்கள் என்பது தெரிந்தால், ஓவியர்கள் அசைவுகளை அந்த எண்ணிக்கைக்கு ஏற்ப வரைந்துவிடலாம். இசைக்குழுவை நடத்துபவர் அடி தவறாமல் இருப்பதற்காகப் படச்சுருளிலேயே துள்ளும் பந்து ஒன்றும் குறிக்கப்பட்டது. திரையில் நிகழும் ஒவ்வோர் அசைவையும் இசை அப்படியே பின்தொடரும் பாணி பின்னாளில் 'மிக்கி மவுசிங்' என்று அழைக்கப்பட்டது.

சோவியத் இயக்குநர் செர்கேய் ஐசன்ஸ்டைன் 1929-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் படத்தொகுப்பு வகைகளைப் பிரித்துக் காட்டினார். அவற்றுள் அளவுத் தொகுப்பு என்பது காட்சியின் உள்ளடக்கத்தைப் பாராமல், இசையின் சுற்றுகளைப் போல நீளத்தை மட்டுமே கணக்கிட்டு வெட்டுவது. லயத் தொகுப்பு என்பது காட்சிக்குள் நிகழும் அசைவையும் கருத்தில் கொண்டு வெட்டுவது. வீட்டு நிகழ்படத் தொகுப்பிலும் இவ்வேறுபாடு இன்றளவும் பொருந்துகிறது. 1981 ஆகஸ்டு 1 அன்று அமெரிக்காவில் எம் டிவி தொலைக்காட்சி தொடங்கப்பட்டபின், தாளத்தோடு விரைவாக வெட்டும் பாணி உலகெங்கும் மக்களுக்குப் பழக்கமானது.

வீட்டில் இரு காணொளி நாடாப் பெட்டிகளை இணைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படி எடுத்துத் தொகுத்த காலத்தில், தாளத்தோடு வெட்டுவது மிகக் கடினமாக இருந்தது. நிறுத்து விசையை விடுவித்ததற்கும் பதிவு தொடங்குவதற்கும் இடையே பல சட்டகங்கள் கழிந்துவிடும். அந்த இடைவெளியும் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இராது. 1995-ஆம் ஆண்டில் எண்ணிம நிகழ்பட நாடாவும் அதைக் கணினியோடு இணைக்கும் பயர்வயர் இணைப்பும் வந்தபின் சட்டகம் சட்டகமாக வெட்டுவது வீட்டிலும் இயல்வதாயிற்று. 1999-இல் ஆப்பிளின் ஐமூவியும், 2000-இல் விண்டோஸ் மீ இயங்குதளத்துடன் விண்டோஸ் மூவி மேக்கரும் வெளிவந்தன. பின்னதன் இறுதி வடிவத்தை மைக்ரோசாப்ட் 2017 சனவரியில் விலக்கிக்கொண்டது.

அடிப்படைக் கருத்துகள்

அடி: பாடலைக் கேட்கும்போது கால் தானாகத் தட்டும் சீரான துடிப்பு.

வேகம்: ஒரு நிமிடத்தில் வரும் அடிகளின் எண்ணிக்கை. கருநாடக இசையில் இது காலப்பிரமாணம் எனப்படும்.

சுற்று: அடிகள் குழுவாக மீண்டும் மீண்டும் வரும் அமைப்பு. திரைப்பாடல்களிலும் மேற்கத்திய மெல்லிசையிலும் நான்கு அடிகள் கொண்ட சுற்று பெருவழக்காகும். சுற்றின் முதல் அடியே மிகுந்த அழுத்தம் உடையதாக உணரப்படும்.

தொடர்: பல சுற்றுகள் சேர்ந்த இசைவாக்கியம். பெரும்பாலும் நான்கு அல்லது எட்டுச் சுற்றுகளைக் கொண்டிருக்கும். பல்லவி, சரணம், இடையிசை ஆகியவை தொடங்கும் இடங்கள் தொடரின் எல்லைகளாக அமைகின்றன.

சட்டகம்: நிகழ்படத்தின் தனிப்படம். இந்தியா, இலங்கை உள்ளிட்ட நாடுகளின் பால் முறையில் நொடிக்கு 25 சட்டகங்களும், வட அமெரிக்கா, சப்பான் ஆகியவற்றின் என்.டி.எஸ்.சி. முறையில் ஏறத்தாழ 29.97 சட்டகங்களும், திரைப்படத்தில் 24 சட்டகங்களும் உள்ளன. கைப்பேசிகள் பெரும்பாலும் 30 அல்லது 60 சட்டகங்களில் பதிகின்றன.

அடிக்கும் சட்டகத்துக்கும் உள்ள கணக்கு

ஓர் அடியின் நீளத்தை நொடியில் அறிய 60-ஐ வேகத்தால் வகுக்க வேண்டும். அதைச் சட்டக வீதத்தால் பெருக்கினால் ஓர் அடிக்கு உரிய சட்டகங்கள் கிடைக்கும். நொடிக்கு 25 சட்டகங்கள் உள்ள நிகழ்படத்தில் சில வேகங்களுக்கான அளவு பின்வருமாறு:

வேகம் 60: அடிக்கு 1 நொடி, 25 சட்டகங்கள்
வேகம் 75: அடிக்கு 0.8 நொடி, 20 சட்டகங்கள்
வேகம் 100: அடிக்கு 0.6 நொடி, 15 சட்டகங்கள்
வேகம் 120: அடிக்கு 0.5 நொடி, 12.5 சட்டகங்கள்
வேகம் 150: அடிக்கு 0.4 நொடி, 10 சட்டகங்கள்

இவற்றுள் 120 என்னும் வேகம் கவனிக்கத்தக்கது. அரைச் சட்டகத்தில் வெட்ட இயலாது. எனவே ஒவ்வொரு துண்டையும் 12 சட்டகங்கள் என்று வைத்து அடுக்கினால், ஒவ்வோர் அடிக்கும் அரைச் சட்டகம் குறையும். இரண்டு நிமிடத்தில் 240 அடிகள் வரும். அதற்குள் பிழை 120 சட்டகங்களாக, அதாவது 4.8 நொடியாகச் சேர்ந்துவிடும். தொடக்கத்தில் சரியாக இருந்த நிகழ்படம் போகப்போகத் தாளம் தவறுவதற்கு இதுவே பெரும்பாலான காரணமாகும்.

இதைத் தவிர்க்கும் வழி எளியது. ஒவ்வொரு துண்டின் நீளத்தையும் முழு எண்ணாக்காமல், பாடலின் தொடக்கத்திலிருந்து ஒவ்வோர் அடியின் இடத்தையும் கணக்கிட்டு அந்த இடத்தை முழு எண்ணாக்க வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் அடிகள் 0, 12.5, 25, 37.5, 50 என வரும். அவை 0, 13, 25, 38, 50 என்றாகும். துண்டுகள் 13, 12, 13, 12 என மாறிமாறி அமையும். பிழை ஒருபோதும் அரைச் சட்டகத்தை மீறாது.

வேகத்தைத் தவறாக மதிப்பிடுவதாலும் விலகல் ஏற்படும். 121 வேகமுள்ள பாடலை 120 எனக் கொண்டு வெட்டினால், 30 நொடியில் வெட்டுகள் இரு அடிகளுக்கு நடுவில் விழத் தொடங்கும். மேலும், மனிதர் வாசித்த பழைய ஒலிப்பதிவுகளிலும் மேடைக் கச்சேரிகளிலும் வேகம் சிறிது கூடியும் குறைந்தும் செல்லும். அத்தகைய இசைக்கு எந்தக் கணக்கும் முழுமையாகப் பொருந்தாது. காதால் கேட்டு ஒவ்வோர் அடியையும் குறிப்பதே தக்க வழியாகும்.

கண்ணும் செவியும்

ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் செல்கிறது. பத்து மீட்டர் தொலைவில் ஒருவர் பறை அடித்தால், அடி விழுவதைக் கண் கண்ட பின் ஏறத்தாழ 30 மில்லிநொடி கழித்தே ஒலி செவியை அடைகிறது. இதனால் காட்சி முந்துவதும் ஒலி பிந்துவதும் மனிதருக்கு இயல்பாகப் பழகியவை. ஒலி முந்தி வருவது இயற்கையில் நிகழ்வதில்லை. எனவே அது விரைவில் உறுத்துகிறது.

அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பி.டி. 1359 என்னும் பரிந்துரை, ஒலி ஏறத்தாழ 45 மில்லிநொடி முந்தினாலோ 125 மில்லிநொடி பிந்தினாலோ பார்ப்பவர்களால் அவ்வேறுபாட்டைக் கண்டுகொள்ள இயலும் என்கிறது. 25 சட்டக முறையில் ஒரு சட்டகம் 40 மில்லிநொடி ஆகும். ஒத்திசைவு பற்றிய இவ்வளவைக் காட்சி வெட்டுக்குப் பொருத்திப் பார்த்தால், வெட்டு அடிக்கு ஒன்றிரண்டு சட்டகம் முன்னதாக அமைவதில் தீங்கு இல்லை என்பதும், அடிக்குப் பின்னால் இரு சட்டகம் தள்ளி விழுந்தால் தொய்வாகத் தோன்றும் என்பதும் விளங்கும். தொகுப்பாளர் பலர் வெட்டை அடிக்கு ஒரு சட்டகம் முன்னே வைப்பதை வழக்கமாகக் கொண்டுள்ளனர்.

செயல்முறை

முதலில் பாடலைக் காலக்கோட்டில் இட்டு அதை அசையாதபடி பூட்டிவிட வேண்டும். பின்னர் பாடலின் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், மேளம் போன்ற தாளக்கருவி ஒலிக்கும் இடங்கள் கூரிய முகடுகளாகத் தெரியும். முகட்டின் உச்சியன்று, அது எழத் தொடங்கும் இடமே அடியின் இடமாகும்.

இரண்டாவதாக, பாடலை ஓடவிட்டு அடிதோறும் குறி இட வேண்டும். பிரீமியர், பைனல் கட் புரோ, டாவின்சி ரிசால்வ் ஆகிய மென்பொருள்களில் பாடல் ஓடும்போதே 'எம்' விசையை அழுத்திக் குறி இடலாம். தொடக்கத்தில் இடும் ஓரிரு குறிகள் பிந்தி விழுவது இயல்பு. அப்போது கை, கேட்ட ஒலிக்கு மறுவினை செய்கிறது. தாளம் மனத்தில் பதிந்தபின் கை அடுத்த அடியை எதிர்பார்த்து விழுவதால், குறிகள் பெரும்பாலும் மிகச் சிறிதளவு முந்தும். ஆகவே சில சுற்றுகள் கையால் தாளம் போட்ட பின்னரே குறி இடத் தொடங்குவது நன்று. கம்பியில்லாப் புளூடூத் கேட்பிகளில் ஒலி 100 மில்லிநொடிக்கு மேலும் பிந்தக்கூடும். குறி இடும்போது கம்பியுள்ள கேட்பியையே பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவதாக, எல்லா அடிகளையும் வெட்டுகளாக்காமல் தொடரின் எல்லைகளையும் சுற்றின் முதல் அடிகளையும் தேர்ந்தெடுக்க வேண்டும். மிகச் சிறந்த காட்சிகளுக்கு உரிய இடங்களை முதலில் ஒதுக்கிவிட்டு, எஞ்சிய இடங்களைப் பிற காட்சிகளால் நிரப்புவது எளிதாகும்.

அசைவை அடியோடு பொருத்துதல்

அடியில் வெட்டுவதைவிடக் காட்சிக்குள் நிகழும் ஓர் அசைவு அடியில் விழுமாறு செய்வது பெரும்பாலும் கூடுதல் நிறைவைத் தருகிறது. பந்து மட்டையில் படுவது, கதவு மூடப்படுவது, குழந்தை குதித்துத் தரையைத் தொடுவது, தேங்காய் உடைவது போன்றவை இதற்கு ஏற்றவை.

எடுத்துக்காட்டாக, வேகம் 100 உள்ள பாடலில் அடிக்கு 15 சட்டகங்களும் நான்கடிச் சுற்றுக்கு 60 சட்டகங்களும் வரும். பதினோராவது சுற்றின் முதல் அடி 600-ஆம் சட்டகத்தில் விழும். பிறந்தநாள் குழந்தை மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கும் நொடி, மூலத் துண்டின் 140-ஆம் சட்டகத்தில் உள்ளதாகக் கொள்வோம். அதற்கு முந்தைய சுற்றின் தொடக்கமான 540-ஆம் சட்டகத்தில் காட்சியை வெட்டி நுழைக்க விரும்பினால், அங்கிருந்து 600 வரை 60 சட்டகங்கள் உள்ளன. ஆகவே மூலத் துண்டை 140-இலிருந்து 60 கழித்து 80-ஆம் சட்டகத்தில் தொடங்க வேண்டும். வெட்டும் அடியில் விழும். சுடர் அணைவதும் அடியில் நிகழும்.

ஒரு காட்சி கரைந்து மற்றொன்றாக மாறும் கரைவில் எந்தக் கணம் அடியில் விழ வேண்டும் என்ற கேள்வி எழும். இரு காட்சிகளும் சம அளவில் தெரியும் நடுப்புள்ளியை அடியில் வைப்பது பொதுவான வழக்கமாகும். மெதுவான பாடலில் கரைவின் நீளத்தை ஓர் அடியாகவோ இரண்டு அடிகளாகவோ வைத்தால் அதுவும் தாளத்தோடு இயைந்துவிடும்.

தானியங்கு முறை

பாடலின் ஒலியாற்றல் திடீரெனக் கூடும் இடங்களைக் கண்டறிந்து, அவற்றுள் சீரான இடைவெளியில் திரும்ப வருபவற்றை அடிகளாகக் கொள்வதே தானியங்கு அடிகாணலின் அடிப்படை. 2009-ஆம் ஆண்டுப் பதிப்பு ஐமூவியில் அடிக்குறிகளும், காட்சிகள் அவற்றில் தாமாக ஒட்டிக்கொள்ளும் வசதியும் சேர்க்கப்பட்டன. பிரீமியரில், இட்ட குறிகளில் பல துண்டுகளை ஒரே கட்டளையில் அடுக்கலாம். சிங்கப்பூரின் மூவீ நிறுவனம் 2000-களின் தொடக்கத்திலேயே இசையையும் படத்தையும் ஆராய்ந்து தானாகத் தொகுக்கும் மென்பொருளை வெளியிட்டது. பின்னர் இவ்வசதி கைப்பேசிச் செயலிகளிலும் பரவியது.

இம்முறையில் அடிக்கடி நேரும் பிழை, வேகத்தை இருமடங்காகவோ பாதியாகவோ கணிப்பது ஆகும். 70 வேகப் பாடலை 140 எனக் கொள்வது இதற்குச் சான்று. சுற்று நான்கடி கொண்டது என்ற முற்கோளும் சில இசைகளுக்குப் பொருந்தாது. கருநாடக இசையின் ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை கொண்டதால் நான்கடிக் கணக்குக்கு ஒத்துவரும். ஆனால் ஏழு எண்ணிக்கை கொண்ட மிச்ர சாபுவும், ஐந்து கொண்ட கண்ட சாபுவும் அவ்வாறு அமைவதில்லை. மிச்ர சாபு 3, 4 எனவும், கண்ட சாபு 2, 3 எனவும் பிரிவதால், இத்தாளங்களில் அமைந்த பரதநாட்டியப் பதிவைத் தொகுப்பவர் அப்பிரிவுகளிலேயே வெட்ட வேண்டும். நான்கு நான்காக வெட்டினால் ஆடுபவரின் அடவும் வெட்டும் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டிருக்கும். ஆடலில் தாளம் ஆடுபவரின் காலிலேயே உள்ளது. அங்கு வெட்டு குறைவதே நலம்.

தொழில்நுட்பச் சிக்கல்கள்

கைப்பேசிகள் பலவும் ஒளி குறையும்போது சட்டக வீதத்தைக் குறைத்துப் பதிகின்றன. இது மாறும் சட்டக வீதம் எனப்படும். இத்தகைய கோப்புகளில் காட்சியும் அதன் சொந்த ஒலியும் சிறிது சிறிதாக விலகக்கூடும். தொகுக்கும் முன் நிலையான வீதத்துக்கு மாற்றிக்கொள்வது இதற்குத் தீர்வு.

29.97 சட்டக வீதத்தை 30 எனக் கொண்டு கணக்கிட்டால் இரண்டு நிமிடத்தில் 0.12 நொடி, அதாவது மூன்றரைச் சட்டகத்துக்கு மேல் பிழை வரும். எம்பி3 கோப்பின் தொடக்கத்தில் குறியாக்கத்தின்போது மிகச் சிறிய வெற்றொலி சேர்வதால், முதலில் ஒரு கோப்பில் குறி இட்டுவிட்டுப் பின்னர் வேறு வடிவக் கோப்பை அதன் இடத்தில் வைத்தால் எல்லாக் குறிகளும் சற்றே நகர்ந்துவிடும்.

ஒளிச்சிமிட்டல் பற்றிய எச்சரிக்கை

அடிதோறும் வெண்ணிற ஒளியைச் சிமிட்டச் செய்யும் விளைவு பலராலும் விரும்பப்படுகிறது. ஒளியுணர் வலிப்பு உடையவர்களுக்கு இது தீங்கு விளைவிக்கும். 1997 திசம்பர் 16 அன்று சப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் தொடரின் ஒரு பகுதியில், சிவப்பும் நீலமும் நொடிக்கு ஏறத்தாழ 12 முறை மாறிமாறிச் சிமிட்டின. அன்று 600-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவர்கள், மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

இணைய உள்ளடக்க அணுக்க வழிகாட்டுதல்கள் ஒரு நொடியில் மூன்று சிமிட்டல்களுக்கு மேல் கூடாது என்கின்றன. வேகம் 180 உள்ள பாடலில் அடிக்கு ஒரு சிமிட்டல் வைத்தாலே அந்த எல்லை எட்டப்படும். வேகம் 120 உள்ள பாடலில் அரையடிக்கு ஒரு சிமிட்டல் வைத்தால் நொடிக்கு நான்காகி எல்லை மீறப்படும். தமக்கு இத்தகைய உணர்திறன் இருப்பதை முதல் வலிப்பு வரும்வரை அறியாதவர்களும் உள்ளனர். எனவே குடும்பத்தினருக்கு மட்டுமே காட்டப்படும் நிகழ்படத்திலும் இவ்வெல்லையைக் கடைப்பிடிப்பது தேவையாகும்.

பதிப்புரிமை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளுக்கு நீடிக்கிறது. இயற்றியவர்களுக்குப் பாடல்வரியிலும் இசையிலும் உள்ள உரிமை இதனின்று வேறானது. திருமணம் உள்ளிட்ட சமயச் சடங்குகளில் பாடலை ஒலிக்கச் செய்வதற்கு இச்சட்டத்தில் விலக்கு உண்டு. ஆயினும் அது நிகழ்விடத்தில் இசைப்பதைப் பற்றியதே. பாடலை நிகழ்படத்தோடு இணைத்து வெளியிடுவதைப் பற்றியதன்று.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைக்கும் இசையைப் பயன்படுத்துபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இசையை அசையும் படத்தோடு கால ஒழுங்கில் ஒத்திசைப்பது வழிப்படைப்பாகவே அவ்வுரிமங்களில் கருதப்படுகிறது. ஆகவே வழிப்படைப்புகளைத் தடுக்கும் உரிமத்திலுள்ள இசையோடு படத்தை இணைத்து வெளியிட இயலாது. அதே உரிமத்தில் பகிரக் கோரும் இசையைப் பயன்படுத்தினால், நிகழ்படத்தையும் அதே உரிமத்திலேயே வெளியிட வேண்டும்.

எல்லைகள்

எல்லா அடிகளிலும் வெட்டினால் பார்ப்பவர் அடுத்த வெட்டை முன்கூட்டியே அறிந்துவிடுகிறார். சிறிது நேரத்தில் அது அலுப்பூட்டுகிறது. இடையிடையே ஒரு வெட்டை அடிக்கு வெளியே வைப்பதும், ஒரு காட்சியை முழுத் தொடர் நீளத்துக்கு ஓடவிடுவதும் இவ்வலுப்பைக் குறைக்கும். பேச்சு உள்ள இடங்களில் சொற்றொடரின் முடிவே வெட்டுக்கு உரிய இடமாகும். அடிக்காகச் சொல்லைப் பாதியில் துண்டித்தால் பொருள் கெடும்.

வீட்டு நிகழ்படம் கலைப்படைப்பாக இருப்பதோடு ஒரு குடும்பத்தின் ஆவணமாகவும் இருக்கிறது. மணவிழாவில் ஒரு மூதாட்டி மணமக்களை வாழ்த்தும் ஆறு நொடிக் காட்சி, பாடலின் கணக்குப்படி 2.4 நொடியில் முடிந்தாக வேண்டியிருக்கலாம். பிற்காலத்தில் அக்குடும்பத்தார் தேடப்போவது அந்த ஆறு நொடியையே. இத்தகைய இடங்களில் இசையின் ஒலியளவைத் தாழ்த்திக் காட்சியை அதன் சொந்த ஒலியுடன் முழுமையாக ஓடவிட்டு, அடுத்த சுற்றின் முதல் அடியில் மீண்டும் தாளத்தோடு சேர்வது நல்ல தீர்வாகும். தொகுக்கப்படாத மூலப் பதிவுகளை அழிக்காமல் தனியே வன்தட்டில் சேமித்து வைப்பதும் இன்றியமையாதது.